தொய்வும் நோன்பும்

மேடு பள்ளமான மண் தடத்தில் ஓடுவதற்கென்றே செய்யப்பட்ட மோட்டார் சைக்கிளில், எஞ்சினின் விசை பின் சக்கரத்துக்கு ஒரு செயின் வழியாகப் போகிறது. எஞ்சினை ஒட்டி ஒரு சிறிய ஸ்ப்ராக்கெட், சக்கரத்தோடு ஒரு பெரிய ஸ்ப்ராக்கெட், இரண்டையும் சுற்றி ஓடும் செயின். வண்டி நிற்கும்போது செயினை நடுவில் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் எவ்வளவு அசைகிறதோ, அதுதான் தொய்வு. சாலையில் ஓடும் வண்டிகளுக்கு இது பெரும்பாலும் 20 முதல் 30 மில்லிமீட்டர் இருக்கும். மண் தடத்து வண்டிகளில் 35, 40 என்று கூடும். மோட்டோகிராஸ் வண்டிகள் சிலவற்றில் 50-ஐயும் தாண்டும். சரியான எண்ணை அந்தந்த வண்டியின் கையேடு தருகிறது. கரடுமுரடான தடத்தில் ஓடும் வண்டிக்கு ஏன் கூடுதல் தொய்வு என்ற கேள்வி எந்திரவியலைச் சேர்ந்தது. ஆனால் அதற்குக் கிடைக்கும் விடை, சமயங்கள் நெடுங்காலமாகக் கேட்டுவரும் வேறொரு கேள்விக்கும் வெளிச்சம் தருகிறது. ஒரு நோன்பு, ஒரு விரதம், ஓர் உறுதிமொழி எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும்? அந்த இறுக்கத்தை எந்த நிலையில் வைத்து அளப்பது?

முதலில் வண்டி. பின் சக்கரம் ஸ்விங் ஆர்ம் என்ற நீண்ட கையின் நுனியில் இருக்கிறது. அந்தக் கை சட்டகத்தில் உள்ள ஓர் அச்சைப் பற்றிக்கொண்டு மேலும் கீழும் ஆடுகிறது. முன் ஸ்ப்ராக்கெட் அந்த அச்சுக்குச் சற்று முன்னால் இருக்கிறது. ஆக மூன்று புள்ளிகள்: முன் ஸ்ப்ராக்கெட்டின் மையம், ஸ்விங் ஆர்மின் அச்சு, பின் ஆக்சில். முதலுக்கும் நடுவுக்கும் உள்ள தூரம் மாறாது. நடுவுக்கும் கடைசிக்கும் உள்ள தூரமும் மாறாது. சக்கரம் மேலும் கீழும் போகும்போது மாறுவது முதலுக்கும் கடைசிக்கும் இடையே உள்ள தூரம். செயின் கடக்க வேண்டியது அந்தத் தூரத்தைத்தான். மூன்று புள்ளிகளும் ஒரே நேர்கோட்டில் வரும்போது அது மிக அதிகமாகிறது. கோடு மடங்கினால் குறைகிறது. முக்கோணத்தில் இரு பக்கங்களின் கூட்டுத்தொகை மூன்றாம் பக்கத்தைவிடப் பெரிது என்ற யூக்ளிடின் முதல் நூலின் இருபதாம் தேற்றம்தான் இது. கழுதைக்கும் தெரிந்த செய்தியை நிறுவுவானேன் என்று எபிக்யூரியர்கள் அந்தத் தேற்றத்தைக் கேலி செய்ததாக உரையாசிரியர் புரோக்ளஸ் எழுதிவைத்திருக்கிறார். செயினை அளவுக்கு மீறி இறுக்குபவர்களைப் பார்க்கும்போது, அதை நிறுவிக் காட்டியது நல்லதுதான் என்று படுகிறது.

வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினால் பின் சக்கரம் கீழே தொங்குகிறது. கோடு மடங்கியிருக்கிறது, செயினுக்குச் சுமை இல்லை. வண்டி ஒரு மேட்டில் ஏறிக் குதித்து இறங்கும்போது சக்கரம் மேலே தள்ளப்படுகிறது. போகும் வழியில் மூன்று புள்ளிகளும் ஒரு கணம் நேர்கோட்டில் நிற்கின்றன. செயின் மிக அதிகமாக இழுக்கப்படுவது அப்போது. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411-இன் பின் சக்கரம் 180 மில்லிமீட்டர் மேலும் கீழும் போகும். மோட்டோகிராஸ் வண்டிகளில் இது ஏறக்குறைய 300. சக்கரம் கடக்கும் தூரம் கூடக்கூட, தொங்கும் நிலையில் கோட்டின் மடக்கம் கூடுகிறது. ஆகவே நிற்கும்போது விட்டுவைக்க வேண்டிய தொய்வும் கூடுகிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஸ்ப்ராக்கெட்டிலிருந்து அச்சுக்கு 80 மில்லிமீட்டர், அச்சிலிருந்து ஆக்சிலுக்கு 560 என்று கொண்டால், நேர்கோட்டில் மொத்தத் தூரம் 640. சக்கரம் தொங்கும்போது கோடு 20 பாகை மடங்கியிருந்தால் தூரம் சுமார் 635.8. வேறுபாடு 4 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டுகிறது. ஆனால் நேர்கோட்டு நிலையில் செயின் சரியாக விறைத்து நிற்க வேண்டுமானால், தொங்கும் நிலையில் அதே செயினின் ஒரு பக்கத்தை நடுவில் தள்ளும்போது நேர்கோட்டிலிருந்து ஏறக்குறைய 50 மில்லிமீட்டர் விலகும். தேவைப்படும் இடம் 4 மில்லிமீட்டர். கண்ணுக்குத் தெரியும் தொய்வோ 50. சரியாக வைத்த செயின் சாலை வண்டிக்குப் பழகிய கண்ணுக்கு அலட்சியமாகத் தோன்றுவதற்கும், அதைக் கண்டவர் ஸ்பேனரை எடுத்து இன்னும் இரண்டு திருகு திருகுவதற்கும் இந்தப் பெருக்கல்தான் காரணம்.

அந்த இரண்டு திருகின் விளைவு உடனே தெரிவதில்லை. இறுகிய செயின் சத்தம் போடாது. ஸ்டாண்டில் அழகாக, ஒழுங்காக நிற்கும். சக்கரம் மேலே போகும்போது செயின் அதைத் தடுக்கிறது. அந்த விசை முன் ஸ்ப்ராக்கெட்டைத் தாங்கும் தண்டின் பேரிங்கிலும் பின் சக்கரத்தின் பேரிங்கிலும் இறங்குகிறது. முன் தண்டின் எண்ணெய் சீல் கசியத் தொடங்குகிறது. செயினின் ஊசிகள் விரைவாகத் தேய்கின்றன. சில நேரம் செயினே அறுந்துவிடுகிறது. முன் தண்டின் பேரிங் எஞ்சினுக்குள் இருப்பதால், அது போனால் எஞ்சினைத் திறந்தாக வேண்டும். அளவுக்கு மீறித் தொய்ந்த செயினோ தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஸ்விங் ஆர்மில் அடிக்கும், கியர் மாற்றும்போது உதறும், கடைசியில் ஸ்ப்ராக்கெட்டிலிருந்து கழன்றுபோகும். கழன்ற செயின் முன்னால் சுருண்டு எஞ்சினின் உறையை உடைப்பதும் உண்டு; அது சின்னச் சேதமல்ல. ஆனாலும் தொய்வு முன்கூட்டியே குரல் கொடுக்கிறது, இறுக்கம் கொடுப்பதில்லை. பட்டறைக்கு வருகிறவர்கள் ‘செயின் லூஸ்’ என்று சொல்லிக்கொண்டுதான் வருகிறார்கள். ‘செயின் டைட்’ என்ற புகாரோடு வருபவர் அரிது.

சரிசெய்யும் முறையில் பெரிய சிக்கல் ஒன்றும் இல்லை. வரிசை மட்டும் தவறக் கூடாது. சேற்றைக் கழுவிச் செயினைத் துடைத்தபின் அளக்க வேண்டும். கண்ணிகளுக்கிடையில் சேறு அடைத்திருந்தால் செயின் இருப்பதைவிட இறுக்கமாகத் தெரியும். சக்கரத்தை மெல்லச் சுற்றிப் பல இடங்களில் அசைத்துப் பார்த்து, மிக இறுக்கமாக உள்ள இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே அளக்க வேண்டும். பிறகு ஆக்சில் நட்டைத் தளர்த்தி, இரு பக்கமும் உள்ள லாக் நட்டுகளை விடுவித்து, அட்ஜஸ்டர் போல்ட்டுகளை இரு பக்கமும் ஒரே அளவில் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் சக்கரம் கோணலாகிவிடும். ஆக்சில் நட்டை முறுக்கியபின் மறுபடி அளப்பது கட்டாயம். முறுக்கும்போதே ஆக்சில் சற்று நகர்ந்து, வைத்த அளவு மாறிப்போவது வழக்கம். ஐயம் இருந்தால் வண்டியின் பின்பகுதியைப் பட்டையால் பின் சக்கரத்தோடு சேர்த்துக் கீழே இழுத்துக் கட்டி, மூன்று புள்ளிகளும் நேர்கோட்டில் வரும் நிலையில் பார்க்கலாம். அங்கேயும் விரலால் தட்டினால் செயின் சிறிது அசைய வேண்டும். அசைந்தால் கையேட்டின் எண் இல்லாமலே அளவு சரி என்று சொல்லிவிடலாம். கையேட்டின் எண்ணே அந்தக் கடும் நிலையைக் கணக்கிட்டு, நிற்கும் நிலைக்கு மாற்றி எழுதப்பட்டதுதான்.

சரியான அளவு என்றால் நடு என்ற எண்ணம் பல மரபுகளில் உண்டு. வாதம் முதலிய மூன்றும் மிகுந்தாலும் குறைந்தாலும் நோய் என்கிறது குறளின் மருந்து அதிகாரம். மிகுதியாக உண்பவனுக்கும் உண்ணாதே இருப்பவனுக்கும் யோகம் கைகூடாது என்கிறது கீதையின் ஆறாம் அத்தியாயம். ஆனால் நடு எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு மிக விரிவான விடையைத் தந்தவர் அரிஸ்டாட்டில். பத்து மினா உணவு அதிகம், இரண்டு மினா குறைவு என்றால், பயிற்சியாளர் எல்லாருக்கும் ஆறு மினா விதிக்க மாட்டார். மல்லன் மைலோவுக்கு அது போதாது, புதிதாகப் பயிற்சிக்கு வந்தவனுக்கு அது மிகை. பொருளின் நடு வேறு, நமக்கான நடு வேறு. மேலும், இரண்டு ஓரங்களும் நடுவிலிருந்து சம தொலைவில் இருப்பதில்லை என்றும் அவர் கண்டார். துணிவுக்கு முரட்டுத்தனத்தைவிடக் கோழைத்தனமே அதிகம் எதிரானது. நடுவைத் தொடுவது அரிதாகையால், தீமை அதிகமுள்ள ஓரத்திலிருந்து விலகிச் செல்வது இரண்டாவது நல்ல வழி என்றும், நம் இயல்பு எந்தப் பக்கம் இழுக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் சாய வேண்டும் என்றும் நிக்கோமாகிய அறவியலின் இரண்டாம் நூலை முடிக்கிறார். கோணிய மரத்தை நிமிர்த்துபவர்கள் செய்வது அதுதான் என்பது அவர் காட்டும் சான்று.

செயினுக்கு இவை எல்லாம் பொருந்துகின்றன. அளவு வண்டிக்கு வண்டி வேறு. இரு பிழைகளும் சமமல்ல. ஐயம் வந்தால் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதும் தெரிந்ததே. ஆனால் அரிஸ்டாட்டில் தொடாத ஒன்று மிச்சமிருக்கிறது. நடு எது என்று கேட்டார், யாருக்கான நடு என்றும் கேட்டார். எந்த நிலையில் நிற்கும்போது அதை அளப்பது என்று கேட்கவில்லை.

பௌத்த நூல்கள் சொல்லும் சோணரின் கதை இந்த இடத்துக்கு மிக அருகில் வருகிறது. சம்பா நகரத்துப் பெருஞ்செல்வர் வீட்டுப் பிள்ளை சோண கோளிவிசர். உள்ளங்காலில் மயிர் முளைக்கும் அளவுக்கு மென்மையாக வளர்ந்தவர் என்கின்றன நூல்கள். துறவு பூண்டபின் இராசகிருகத்தை அடுத்த சீதவனத்தில் நடந்துகொண்டே தியானம் செய்தார். பாதம் கிழிந்து தடம் முழுவதும் குருதியாகும்வரை நடந்தார். பயன் ஒன்றும் தெரியவில்லை. வீட்டில் செல்வம் இருக்கிறது, திரும்பிப் போய் அறம் செய்து வாழலாமே என்று அவர் மனம் தடுமாறியபோது புத்தர் அங்கே வந்தார். வீட்டில் இருந்தபோது வீணை வாசிப்பதில் வல்லவர் சோணர் என்பது அவருக்குத் தெரியும். நரம்பு மிக இறுகியிருந்தால் வீணை இசைக்குமா, மிகத் தளர்ந்திருந்தால் இசைக்குமா என்று கேட்டார். இரண்டுக்கும் இல்லை என்றார் சோணர். இரண்டுமில்லாமல் சமமாகக் கூட்டியிருந்தால்? இசைக்கும். முயற்சியும் அப்படித்தான்; மிகுந்தால் அலைச்சல், குறைந்தால் சோம்பல் என்று விளக்கி, முயற்சியில் சமநிலையைக் கைக்கொள்ளச் சொன்னார் புத்தர். அங்குத்தர நிகாயத்தின் ஆறாம் பகுதியிலும் விநயத்தின் மகாவக்கத்திலும் இந்த நிகழ்ச்சி இருக்கிறது. எகிப்தியப் பாலைவனத் துறவி அந்தோணியார் பற்றியும் இதையொத்த ஒரு செய்தி உண்டு. சகோதரர்களோடு அவர் சிரித்துப் பேசுவதைக் கண்டு வேடன் ஒருவன் முகம் சுளித்தான். வில்லை வளை, இன்னும் வளை, இன்னும் வளை என்று அவனிடம் சொன்னார் அந்தோணியார். இதற்குமேல் வளைத்தால் ஒடியும் என்று அவனே ஒப்புக்கொண்டபோது, இறைப்பணியும் அப்படித்தான் என்றார்.

வீணை சோணருக்கு மிகப் பொருத்தமான பாடம். ஆனால் வீணை நரம்பின் இரு முனைகளும் அசைவதில்லை. கூட்டிய நிலை எதுவோ அதே நிலையில்தான் அது வாசிக்கப்படுகிறது. சுருதி சேர்த்த உடனே காதால் சரிபார்த்துவிடலாம். சீதவனத்தின் அமைதியில் நடந்துகொண்டிருந்த ஒரு துறவிக்கு அது போதும். செயினின் கதை வேறு. அளக்கும் நிலை ஒன்று, உழைக்கும் நிலை இன்னொன்று. நின்றிருக்கும்போது சரியென்று தோன்றும் இறுக்கம், ஓடும்போது பேரிங்கைத் தின்றுவிடுகிறது. இல்லறத்திலும் தொழிலிலும் நோயிலும் பயணத்திலும் ஓடிக்கொண்டிருக்கும் பெரும்பாலான மனிதரின் நோன்பு, வீணை நரம்பைவிடச் செயினுக்கே நெருக்கமானது.

விரதங்கள் எடுக்கப்படும் தருணத்தை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். மாலை போட்ட அன்று, திருவிழா முடிந்த இரவு, ஒரு பேருரையைக் கேட்டுவிட்டு எழும் வேளை, நோயிலிருந்து மீண்ட வாரம் ஆகியவைதான் உறுதிமொழிகள் பிறக்கும் நேரங்கள். மனம் அப்போது நிறைந்து, சுமை இல்லாமல் இருக்கிறது. சக்கரம் தரையைத் தொடாமல் தொங்குகிறது. அந்த நிலையில் எந்த இறுக்கமும் தாங்கக்கூடியதாகத் தோன்றும், தொய்வு விடுவது பக்திக் குறைவாகவும் தோன்றும். பிறகு வீட்டில் ஒரு சாவு, வேலையில் ஒரு நெருக்கடி, கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்று தடம் மாறும்போது அதே உறுதிமொழி மனிதரை அசையவிடாமல் பிடிக்கிறது. முதலில் உடைவது உறுதிமொழியாக இருக்க வேண்டும் என்பதில்லை. பல நேரம் அது நிற்கிறது, அதைத் தாங்கும் இடங்கள் தேய்கின்றன: பொறுமை, உடன் வாழ்பவர்மீதான கனிவு, கடைசியில் நம்பிக்கையும்கூட. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எந்தச் சத்தமும் கேட்பதில்லை. ஆகவே நோன்பின் அளவை அமைதியான நாளின் ஆற்றலைக் கொண்டு முடிவு செய்வது பிழை. மிகக் கடினமான நாளில் எது நிற்குமோ அதைக் கணித்து, அதிலிருந்து பின்னோக்கி வந்து இன்றைய அளவை வைக்க வேண்டும். அப்படி வைத்தால் இன்றைய நாளுக்கு அது தளர்வாகவே தெரியும்.

நெடுங்காலம் நின்ற சமயச் சட்டங்கள் இதை அறிந்திருக்கின்றன. ரமலான் நோன்பைக் கடமையாக்கும் குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம், அதே இடத்தில், 184, 185 ஆம் வசனங்களில், நோயாளிக்கும் பயணிக்கும் விலக்குத் தருகிறது. விட்ட நாள்களை வேறு நாள்களில் நோற்க வேண்டும். இசுலாமியச் சட்ட அறிஞர்கள் இவ்வகைச் சலுகையை ருக்ஸத் என்று தனி வகையாக வைத்து விரிவாக ஆராய்ந்தார்கள். சலுகை சட்டத்துக்கு வெளியிலிருந்து வந்த மன்னிப்பாக அங்கே நடத்தப்படவில்லை. கடமை அருளப்பட்ட இடத்திலேயே அதுவும் அருளப்பட்டது. சமணம் வேறு வழியில் செல்கிறது. கொல்லாமை, வாய்மை, திருடாமை, பிரமசரியம், பற்றின்மை என்ற அதே ஐந்து விரதங்கள் துறவிக்கு மகாவிரதம், இல்லறத்தானுக்கு அணுவிரதம். இழுப்பு நிறைந்த தடத்தில் ஓடுபவனுக்கு வேறு அளவு.

இந்த இடத்தில் ஒரு வலுவான எதிர்வாதமும் சமணத்திலிருந்தே வருகிறது. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்துறந்த சந்திரநந்தி ஆசிரியரை நினைவுகூரும் பழைய கல்வெட்டு இருக்கிறது. எந்த நடுவிலும் அடங்காத நோன்பு அது. அளவு என்பதே அச்சத்தின் மறுபெயர், உண்மையான தவம் அளவைக் கடந்தது என்று ஒருவர் அதைக் காட்டி வாதிடலாம். அந்த நோன்பின் பெருமையைக் குறைத்துப் பேச எந்தத் தேவையும் இல்லை. ஆனால் சமண நூல்கள் அதை யாருக்கு, எப்போது அனுமதித்தன என்பதையும் பார்க்க வேண்டும். நீக்க முடியாத இடர், பஞ்சம், முதுமை, தீராத நோய் ஆகிய நிலைகளில் மட்டுமே சல்லேகனை என்ற இந்த உண்ணாநோன்புக்கு இடமுண்டு என்று சமந்தபத்திரரின் இரத்தினகரண்டகம் வரையறுக்கிறது. இனிக் கடக்க வேண்டிய கரடுமுரடு இல்லாதவருக்கு உரியது அந்த இறுக்கம். ஓட்டத்தின் நடுவில் இருக்கும் ஒருவர் அதை எடுத்துக்கொள்வதை அந்த மரபே ஏற்கவில்லை. இழுப்பின் உச்சத்தைக் கணித்துத்தான் அளவு வைக்க வேண்டும் என்ற கொள்கையை அந்தக் கல்வெட்டு மறுப்பதாகச் சொல்ல முடியாது.

எதிர்த்திசையிலிருந்து வரும் ஐயம் இதைவிடக் கடினமானது. தொய்வுக்கு இவ்வளவு ஞாயம் சொன்னால், எல்லா அலட்சியமும் அதன் பெயரால் உள்ளே வந்துவிடாதா? வரும், வந்துமிருக்கிறது. கடினமான நாள் வரும் என்று சொல்லியே எளிய நாள்களையும் விட்டுவிடுபவர் எத்தனையோ பேர். ஆனால் கையேடு தருவது ‘தாராளமாக விடு’ என்ற அறிவுரையை அல்ல. இத்தனை மில்லிமீட்டருக்குக் குறையாமல், இத்தனைக்கு மேற்படாமல் என்று இரண்டு எல்லைகளை அது தருகிறது; மேல் எல்லையைத் தாண்டினால் செயின் கழலும். ரமலான் விலக்கிலும் அதே கண்டிப்பு இருக்கிறது: விட்டது ஆறு நாள் என்றால் பின்னர் ஈடாக நோற்க வேண்டியதும் ஆறு நாள். அலட்சியத்தால் தொய்ந்த செயினுக்கும் அளந்து விட்ட தொய்வுக்கும் பார்வையில் வேறுபாடு இல்லாமல் போகலாம். கேட்டால் தெரிந்துவிடும். முன்னதன் உரிமையாளருக்குத் தம் செயினின் அளவு தெரியாது.

எந்தப் பக்கம் சாய்வது என்பதில் அரிஸ்டாட்டிலின் அறிவுரையை இங்கே சற்றுக் கவனமாகப் பயன்படுத்த வேண்டும். இன்பத்தின் பக்கம் இழுக்கப்படுபவனை எதிர்ப்பக்கம் சாயச் சொன்னார் அவர். பெரும்பாலானவர்களுக்கு அது சரி. ஆனால் சமய வாழ்வில் புதிதாக நுழைந்தவரை இழுப்பது பல நேரம் கடுமையின் இன்பம். தன் கடுமையைத் தானே கண்டு மகிழ்வதும் இன்பம்தான். அடுத்தவரின் தொய்வைக் கண்டு முகம் சுளிப்பது அதைவிடப் பெரிய இன்பம். சோணரை இழுத்தது சோம்பல் அல்ல. அவருக்குச் சொன்ன மருந்தைச் சோம்பேறிக்குச் சொன்னால் அது நஞ்சாகிவிடும். ஆகவே இந்த அளவை ஒருவர் தனியாக வைப்பது கடினம். தன்னை எது இழுக்கிறது என்று அறிந்த இன்னொருவர், குருவோ நண்பரோ, அருகில் தேவைப்படுகிறார்.

தனிமனிதரின் அளவு இப்படி என்றால், ஒரு சங்கத்துக்கு, ஒரு மடத்துக்கு, ஓர் ஊருக்குப் பொதுவாக வைக்கும் அளவு இன்னும் சிக்கலானது. பழகிய செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சில கண்ணிகள் அதிகம் தேய்ந்து, சில குறைவாகத் தேய்ந்து, சுற்றும்போது ஓரிடத்தில் இறுகி, ஓரிடத்தில் தளரும். சராசரி இடத்தில் அளவு வைத்தால், இறுக்கமான இடம் வரும் ஒவ்வொரு சுற்றிலும் பேரிங் அடிபடும். அதனால்தான் மிக இறுகிய இடத்தில் அளக்கச் சொல்கிறார்கள். சோணரின் கதைக்கு விநயத்தில் உள்ள முடிவு இதையே காட்டுகிறது. மென்மையாக வளர்ந்தவர் என்பதால் ஒற்றைத் தோல் செருப்பு அணிய அவருக்கு மட்டும் புத்தர் அனுமதி தந்தார். சோணர் மறுத்தார். எண்பது வண்டிப் பொன்னையும் யானைக் கூட்டத்தையும் விட்டு வந்தவன் ஒரு செருப்பில் பற்று வைத்தான் என்று பேசுவார்கள். சங்கம் முழுவதற்கும் அனுமதித்தால் தானும் அணிவதாகச் சொன்னார். புத்தர் அனைவருக்கும் அனுமதித்தார். மிக மெல்லிய பாதத்தை வைத்துச் சங்கத்தின் விதி திருத்தப்பட்டது.

அதே சங்கத்தைச் சேர்ந்த தேவதத்தர் இதன் மறுபக்கம். பிக்குகள் வாழ்நாள் முழுவதும் காட்டிலேயே வாழ வேண்டும், பிச்சை உணவு மட்டுமே கொள்ள வேண்டும், கந்தல் துணியே உடுக்க வேண்டும், மரத்தடியிலேயே தங்க வேண்டும், மீனும் இறைச்சியும் தொடக் கூடாது என்ற ஐந்தையும் கட்டாயமாக்கும்படி அவர் கேட்டார். வேண்டுபவர் கடைப்பிடிக்கலாம் என்று விட்டு, கட்டாயமாக்க மறுத்தார் புத்தர். கேட்கப்பட்ட கடுமை எதுவும் அதனளவில் தவறு என்று அவர் சொல்லவில்லை என்பதுதான் கவனிக்கத்தக்கது. அது சிலருக்குப் பொருந்தும் அளவு, எல்லாரும் சேர்ந்து ஓடும் செயினுக்கான அளவல்ல. ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியின் மோன்தெ காசினோவில் தம் துறவியருக்கு விதி எழுதிய பெனடிக்டும் இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். பிறர் உண்ணும் குடிக்கும் அளவைத் தாம் வரையறுப்பதில் தமக்குத் தயக்கம் உண்டு என்று வெளிப்படையாகவே எழுதினார். வலியவர்கள் இன்னும் எட்டிப் பிடிக்க ஏதாவது இருக்கும்படியும், மெலியவர்கள் அஞ்சி ஓட எதுவும் இல்லாதபடியும் மடாதிபதி எல்லாவற்றையும் அமைக்க வேண்டும் என்றார். அவருக்குப் பின் மேலைத் துறவு மரபில் மிகப் பரவலாக நிலைத்த விதி அவருடையதே. கண்டிப்பில் குறைந்திருந்தும் நிலைத்தது என்று பலர் சொல்வார்கள். இறுகிய இடத்தில் அளந்து வைத்ததால் நிலைத்தது என்று சொல்வதே பொருத்தம்.

தொய்வே தேவைப்படாத அமைப்பு ஒன்று உண்டா என்ற கேள்வியும் எந்திரவியலில் கேட்கப்பட்டிருக்கிறது. முன் ஸ்ப்ராக்கெட்டின் மையத்தையும் ஸ்விங் ஆர்மின் அச்சையும் ஒரே இடத்தில் வைத்துவிட்டால், சக்கரம் எங்கே போனாலும் தூரம் மாறாது. 2008-இல் வெளிவந்த பிஎம்டபிள்யூ ஜி450எக்ஸ் மண் தடத்து வண்டி அப்படித்தான் அமைக்கப்பட்டது. விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. முன் ஸ்ப்ராக்கெட்டைக் கழற்ற ஸ்விங் ஆர்மின் அச்சையே உருவ வேண்டும், ஓட்டப்பந்தயத்துக்காக அடிக்கடி ஸ்ப்ராக்கெட் மாற்றுபவர்களுக்கு அது பெரும் தொல்லை. தத்துவத்தில் இதற்கு இணையான கனவு பழையது. புனிதமான சித்தத்துக்குக் கட்டளை எதுவும் தேவையில்லை, அதன் விருப்பமே சட்டத்தோடு ஒன்றியிருக்கும் என்றார் காண்ட். எழுபது வயதில்தான் மனம் விரும்பியதைப் பின்பற்றியும் அளவு மீறாமல் இருக்க முடிந்தது என்று கன்பூசியஸ் தம்மைப் பற்றிச் சொன்னதாக அவருடைய உரையாடல் நூல் பதிவு செய்கிறது. விருப்பம் சுழலும் அச்சும் கடமை சுழலும் அச்சும் ஒன்றாகிவிட்ட நிலை அது. காண்ட் அதை மனிதருக்கு எட்டாத எல்லையாக வைத்தார். கன்பூசியஸ் ஒரு வாழ்நாளின் முடிவில் வைத்தார். இருபது வயதில் அதை எட்டிவிட்டதாக எண்ணி நடப்பவர்கள்தான் பெரும்பாலும் தம்மையும் சுற்றியிருப்பவர்களையும் முறித்துவிடுகிறார்கள்.

அச்சுகள் ஒன்றானாலும் தேய்மானம் நிற்பதில்லை. செயின் நீண்டுவிட்டது என்று சொல்வது வழக்கம்; ஆனால் தகடுகள் இழுபட்டு நீள்வதில்லை. 1880-இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்டு வடிவமைத்த உருளைச் செயினில், ஒவ்வொரு கண்ணியிலும் ஓர் ஊசி ஒரு குழலுக்குள் திரும்புகிறது. அந்த இரண்டும் ஒன்றையொன்று தேய்க்கின்றன. 520 அளவுச் செயினில் கண்ணிக்குக் கண்ணி 15.875 மில்லிமீட்டர். ஒவ்வொரு கண்ணியிலும் பத்தில் ஒரு மில்லிமீட்டர் தேய்ந்தால், 114 கண்ணிகள் கொண்ட செயின் 11 மில்லிமீட்டருக்கு மேல் நீண்டுவிடும். எந்தத் தனிக் கண்ணியைப் பார்த்தாலும் அது தெரியாது. ஆகவே மண் தடத்து வண்டிக்குச் செயின் அளப்பது ஒருமுறை செய்து முடிக்கும் வேலை அல்ல. ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னும் பார்க்கிறார்கள். அட்ஜஸ்டரின் எல்லை தீர்ந்துவிட்டால் இன்னும் திருகிப் பயனில்லை. செயினையும் இரு ஸ்ப்ராக்கெட்டுகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும். தேய்ந்த பற்களில் புதிய செயினைப் போட்டால் அதுவும் விரைவில் கெட்டுவிடும். துறவு மரபுகளிலும் இந்தக் காலமுறைப் பார்வை விதிக்குள்ளேயே வைக்கப்பட்டிருக்கிறது. பௌத்த பிக்குகள் அமாவாசையிலும் பௌர்ணமியிலும் கூடிப் பாதிமோக்கம் என்ற விதித் தொகுப்பை முழுவதும் ஓதுகிறார்கள். தவறியவர் தவறியதைச் சொல்கிறார். சமணத் துறவிகள் காலையிலும் மாலையிலும் பிரதிக்கிரமணம் என்ற தற்சோதனையைச் செய்கிறார்கள். அந்தக் கூட்டங்களில் விதி மாற்றப்படுவதில்லை, கடுமையாக்கப்படுவதும் இல்லை. சென்ற முறை பார்த்ததிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று மட்டும் பார்க்கிறார்கள்.